பாலத்தில் நிறுத்தாத வண்டி

எங்கள் ஊரிலிருந்து குடவாசலுக்குப் போகிற சாலையில் ஓர் ஆற்றுப் பாலம் இருக்கிறது. பாலம் முடிகிற இடத்தில் ஒரு தூங்குமூஞ்சி மரம். மாதக் கடைசி வந்தால் அந்த நிழலில் போலீஸ் ஜீப் வந்து நிற்கும். சப்-இன்ஸ்பெக்டர் ரசீதுப் புத்தகத்தோடு ஜீப்பில் சாய்ந்துகொண்டிருப்பார். கான்ஸ்டபிள்கள் இரண்டு பேர் நடுச்சாலைக்கு வந்து லத்தியை நீட்டுவார்கள். ஆர்.சி. புத்தகம், லைசென்ஸ், வரி ரசீது, இன்சூரன்ஸ் என்று நான்கு கேட்பார்கள். ஒன்று குறைந்தாலும் வண்டியை ஓரங்கட்ட வேண்டியதுதான்.

நான்கும் வைத்திருந்தவர்களை எண்ணினால் ஒரு கை விரல்கள் மிஞ்சும். வண்டிகள் வந்த வேகத்தில் அவற்றின் காகிதங்கள் வரவில்லை. சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ லீவில் வருகிறவர் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்குவார். லீவு முடிந்து அவர் விமானம் ஏறியதும் வண்டி தம்பிக்குப் போகும், தம்பியும் வெளிநாடு போனால் மச்சானுக்குப் போகும். மூன்று கை மாறிய பிறகும் ஆர்.சி. புத்தகத்தில் மன்னார்குடிக்காரர் ஒருவரின் பெயர்தான் இருக்கும். அவரை இந்த ஊரில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பட்டாவையும் சிட்டாவையும் பீரோவில் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்கிற ஜனங்கள்தான். நிலத்துக்குத்தான் காகிதம், வண்டிக்குப் பெட்ரோல் இருந்தால் போதும் என்பது அவர்கள் எண்ணம்.

ஜீப் வந்துவிட்டது என்பது எங்களுக்குப் பாலத்துக்கு ஒரு மைல் முன்பே தெரிந்துவிடும். எதிரே வருகிறவர்கள் பட்டப்பகலில் ஹெட்லைட்டை இரண்டு தடவை மினுக்குவார்கள். உடனே வண்டிகள் பாலத்துக்கு இந்தப் பக்கத்து டீக்கடையில் ஒதுங்கும். சோதனை நாட்களில் அந்தக் கடையில் கல்யாண வீட்டுக் கூட்டம் இருக்கும். பேப்பர் படிப்பதுபோல் பாவனை செய்வார்கள், வானத்தைப் பார்த்து மழை வருமா என்று கேட்டுக்கொள்வார்கள். போலீஸ்காரர்கள் சாப்பிடப் போனதும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வண்டியைக் கிளப்புவார்கள். காத்திருக்கப் பொறுமையில்லாத இளவட்டங்கள் மட்டும் டீக்கடைக்குப் பின்னால் பிரியும் வாய்க்கால் கரையில் இறங்கி, அரை மைல் சுற்றி, அடுத்த மதகு வழியாகச் சாலையேறுவார்கள்.

நான் அந்தக் கடையில் ஒருநாளும் நின்றதில்லை. என்னிடம் நான்கும் இருந்தன.

அப்போது நான் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியை. என் கணவருக்குக் குவைத்தில் வேலை. ஒரு லீவில் வந்தபோது எனக்கு ஒரு மொபெட் வாங்கித் தந்தார். பதிவு, வரி, இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் கடையிலேயே முடித்து, காகிதங்களை என் கையில் கொடுத்து, "எல்லாம் கட்டியாச்சு, இனிமே உனக்கு ஒரு வேலையும் இல்ல" என்றார். எட்டுப் போட்டுக் காட்டி லைசென்ஸ் வாங்கியது மட்டும் நான். எங்கள் பக்கத்தில் அப்படி முறையாக எட்டுப் போட்ட முதல் பெண் நான்தான் என்பதை, யாரும் கேட்காமலே பல பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் வீட்டில் ஈரமும் கரையானும் போட்டி போட்டுக்கொண்டு காகிதங்களைத் தின்னும். என் பட்டச் சான்றிதழ், ஞானஸ்நானச் சான்றிதழ், கல்யாணப் பதிவு எல்லாவற்றையும் முன்பே லேமினேட் செய்துவைத்திருந்தேன். கும்பகோணத்தில் அந்த மெஷின் வந்த புதிது, ஒரு தாளுக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள். சிக்கனம் பார்த்து, வண்டியின் ஆயுள்வரி ரசீதையும் இன்சூரன்ஸ் சான்றிதழையும் முதுகோடு முதுகாக வைத்து ஒரே தாளாக ஒட்டி வாங்கினேன். முன்பக்கம் ஆயுள்வரி, பின்பக்கம் இன்சூரன்ஸ். பாலத்தில் லத்தி நீண்டால் அந்தப் பளபளப்பான தாளைத்தான் முதலில் எடுத்து நீட்டுவேன். நாலைந்து தடவை பார்த்த பிறகு அவர்கள் நீட்டச் சொல்வதையும் விட்டுவிட்டார்கள். "நீங்க போங்க டீச்சர்" என்று கையைக் காட்டுவார்கள். டீக்கடையில் ஒதுங்கி நிற்கிற கூட்டத்தைக் கடக்கும்போது நான் வேகத்தைக் கொஞ்சம் குறைப்பேன். தலைக்கனம்தான், வேறென்ன.

சம்பா நடவு நடந்துகொண்டிருந்த ஒரு சனிக்கிழமை. பாலத்தருகே ஜீப் நின்றது. கான்ஸ்டபிள் வழக்கம்போல் கையைக் காட்ட, நான் பாலத்தின்மேல் போய்க்கொண்டிருந்தேன். கீழே வாய்க்கால் கரையில் எங்கள் எதிர்வீட்டுப் பையன் மோட்டார் சைக்கிளில் பறந்துகொண்டிருந்தான். அவனுக்குச் சிங்கப்பூர் வேலை உறுதியாகி, மெடிக்கல் முடிந்து, பன்னிரண்டு நாளில் விமானம். வண்டி அவன் மாமாவுடையது. அதற்கு வரியும் கிடையாது, இன்சூரன்ஸும் கிடையாது. அந்த நேரத்தில் ஒரு கேஸில் மாட்டினால் பயணமே போய்விடும் என்று பயந்து கரையில் இறங்கியிருக்கிறான்.

எதிரே தலையில் நாற்றுக்கட்டோடு ஒரு பெண் வந்துகொண்டிருந்தார். நடவு வேலைக்குப் போகிறவர், அப்போது நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். அவர் மகளுக்கு நான் வகுப்பாசிரியையாக இருந்திருக்கிறேன். ராத்திரி பெய்த மழையில் கரை வழுக்கலாகிக் கிடந்தது. அவர் வயல் பக்கம் ஒதுங்கினார், வண்டியும் அதே பக்கம் சறுக்கியது. நாற்று முடிகள் சிதறியதைப் பாலத்திலிருந்தே பார்த்தேன். மரத்தடியில் நின்ற போலீஸ்காரர்களுக்கு அந்தக் கரை தெரியாது. ஓடிப்போனபோது அவருடைய இடது கால் முழங்காலுக்குக் கீழே திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. பையன் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான்.

தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது, பிளேட் வைக்க வேண்டும் என்றார்கள். சேர்க்கும்போது, ஒரு வண்டி மோதிவிட்டது என்று மட்டும் எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். எந்த வண்டி என்று சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை வாக்குமூலம் வாங்க வருவோம், அதற்குள் யோசித்துவையுங்கள் என்று ஸ்டேஷனில் சொல்லியனுப்பினார்கள்.

திங்கட்கிழமை மாலை நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து காபி போட்டுக்கொண்டிருந்தபோது வாசலில் இரண்டு பேர் வந்து நின்றார்கள். ஒருவர் பையனின் அம்மா, இன்னொருவர் அடிபட்ட பெண்ணின் கணவர். எதிரும் புதிருமாக நிற்க வேண்டியவர்கள் சேர்ந்து வந்ததே எனக்கு விசித்திரமாக இருந்தது.

அந்த அம்மாதான் பேசினார். "டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. திருவாரூர்ல ஒரு வக்கீல் குமாஸ்தா யோசனை சொன்னாரு. இன்சூரன்ஸ் இருக்கிற வண்டி மோதுச்சுன்னு கேஸ் எழுதுனா கம்பெனிக்காரன் நஷ்டஈடு குடுப்பானாம். நீங்களும் அந்த நேரத்துல அங்கதானே இருந்தீங்க..."

"அதனால?"

"உங்க வண்டிதான்னு சொல்லிடுங்க டீச்சர். உங்களுக்கு ஒண்ணும் வராதாம். சின்ன அபராதம் வரும், அத நாங்க கட்டிடுறோம். என் புள்ள ஊருக்குப் போயிடுவான், இவங்களுக்கும் ஒரு வழி பொறக்கும்."

அடிபட்ட பெண்ணின் கணவர் தரையைப் பார்த்தபடி, "கால் சரியா வரலன்னா அது வயல்ல எறங்க முடியாது டீச்சர். ஏதாச்சும் வந்தா ஒரு பெட்டிக்கடை வச்சுக் குடுத்துடுவேன்" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. நியாயமான கோபம் என்றுதான் அன்று நினைத்தேன். உள்ளே போய் வண்டிக் காகிதங்கள் இருந்த பிளாஸ்டிக் கவரை எடுத்துவந்து அவர்கள் முன்னால் ஆட்டினேன். "இது எங்கிட்ட இருக்குன்னா நான் ஒழுங்கா இருந்ததால இருக்கு. நீங்களும் ஒழுங்கா இருந்திருந்தா இன்னிக்கு யார் வாசல்லயும் வந்து நிக்க வேண்டியதில்ல. புள்ளைங்களுக்குப் பொய் சொல்லக் கூடாதுன்னு சொல்லிக்கொடுக்கிற நான் ஸ்டேஷன்ல போயி பொய் சொல்லணுமா?"

"சரிங்க டீச்சர்" என்றார் அந்தக் கணவர். அந்த அம்மா மட்டும் படியிறங்கும்போது திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். காபி பொங்கி அடுப்பெல்லாம் வழிந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை அரை நாள் லீவு போட்டு, ஆரஞ்சும் பிரெட்டும் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் அந்தப் பெண் எழுந்து உட்காரப் பார்த்தார். அவர் காலில் கயிறு கட்டிக் கட்டிலின் ஓரத்தில் எடை தொங்கவிட்டிருந்தார்கள். அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. தன் வீட்டுக்காரர் என் வாசலில் வந்து நின்றதற்கு மன்னிப்புக் கேட்டார். "அது வெவரம் தெரியாத ஆளு டீச்சர், மனசுல வச்சுக்காதீங்க" என்றார். வலிக்கிறதா என்று கேட்டேன்.

"வலி கெடக்கட்டும் டீச்சர். நடவுக்கு ரெண்டு காலும் வேணும். சேத்துல ஒரு கால ஊனித்தான் இன்னொரு கால உருவணும். ஊனுற காலே இதுதான்" என்று இடது காலைக் காட்டினார்.

திரும்பி வரும் பஸ்ஸில் முழு வழியும் நடவு நடந்துகொண்டிருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து, வரிசையாகக் குனிந்திருந்த பெண்களின் கால்களையே பார்த்துக்கொண்டு வந்தேன். இத்தனை வருஷம் அந்தச் சாலையில் போய்வந்தவள், அவர்கள் எந்தக் காலை ஊன்றுகிறார்கள் என்று அன்றுதான் கவனித்தேன். ஊர் வந்து இறங்கியபோது என் மனம் பாதி மாறியிருந்தது. அந்தக் கணவரை டீக்கடையருகே பார்த்து, "வியாழக்கிழமை சாயங்காலம் சொல்றேன், கொஞ்சம் பொறுங்க" என்றேன். அவர் கும்பிட்டார். அந்தக் கும்பிடு மீதிப் பாதியையும் மாற்றிவிட்டது. பொய் சொல்வது என்று முடிவு செய்துகொண்டேன். கர்த்தர் என்னைப் புரிந்துகொள்வார் என்று சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

எதையும் முறையாகச் செய்து பழகிவிட்டதால், பொய்யையும் முறையாகச் சொல்ல நினைத்தேன். வியாழக்கிழமை மத்தியானம் கும்பகோணம் போய், என் கணவருக்குத் தெரிந்த இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஒருவரைப் பார்த்தேன். விபத்து என்றால் என்னென்ன எழுதித்தர வேண்டும் என்று நைசாகக் கேட்டுத் தெரிந்துகொள்வது என் திட்டம். லேமினேட் செய்த தாளை அவர் மேசையில் வைத்தேன். அவர் முன்பக்கத்தைப் பார்த்தார். திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"டீச்சர், வரிதான் ஆயுளுக்கும். இன்சூரன்ஸ் வருஷா வருஷம் கட்டணும். இது முடிஞ்சு ஒரு வருஷமும் ஏழு மாசமும் ஆவுதே."

தேதி அங்கேதான் இருந்தது. இன்ன தேதியிலிருந்து இன்ன தேதிவரை என்று அச்சிட்டு, பிளாஸ்டிக்குக்குள் ஒரு எழுத்துகூட மங்காமல் இருந்தது. பிள்ளைகளின் கட்டுரைகளில் ஒற்றெழுத்து விட்டுப்போனால் சிவப்பு மையால் சுழிக்கிறவள் நான். ஒரே நாளில், ஒரே கடையில் வாங்கி, ஒரே தாளாக ஒட்டியதால், இரண்டுக்கும் ஒரே ஆயுள் என்று நினைத்துவிட்டேன். ஒரு வருஷம் ஏழு மாதமாக நான் டீக்கடைக் கூட்டத்தில் ஒருத்தி. அவர்களுக்காவது தங்களிடம் இல்லை என்பது தெரிந்திருந்தது.

"புதுப்பிக்கத்தான் கொண்டாந்தீங்களா?" என்று அவர் கேட்டார்.

"ஆமா" என்றேன். சொல்லவே மாட்டேன் என்று வாசலில் நின்று முழங்கினேனே, அந்தப் பொய்களில் முதலாவதை அங்கேதான் சொன்னேன். அன்றைய தேதியிட்டுப் புதிய சான்றிதழ் எழுதிக்கொடுத்தார். சனிக்கிழமை உடைந்த காலுக்கு வியாழக்கிழமைக் காகிதத்தால் ஒரு பயனும் இல்லை.

வீட்டுக்கு வந்தபோது அந்தப் பெண்ணின் கணவர் வாசலில் காத்திருந்தார். வெள்ளைச் சட்டை போட்டு, தலை சீவி வந்திருந்தார். நல்ல செய்தி கேட்க வந்தவரின் கோலம். எங்கிட்டயும் இல்லைங்க, முடிஞ்சுபோச்சு, நானும் பாக்கல. இவ்வளவுதான் நான் சொல்லியிருக்க வேண்டியது. பஸ்ஸில் அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் வந்தேன். ஆனால் அவரைப் பார்த்ததும், மூன்று நாள் முன்பு இதே இடத்தில் நான் கவரை ஆட்டியதும் பேசியதும் ஞாபகத்துக்கு வந்தன. நீங்களும் ஒழுங்கா இருந்திருந்தா. அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது?

"மனசு ஒப்பலைங்க. பொய்ச்சாட்சி சொல்றது கர்த்தருக்கு ஆகாது" என்றேன்.

கர்த்தரையும் இழுத்துக்கொண்டேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டார். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு நடந்ததை அந்தப் பையனின் அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அன்று இரவே அவரும் அடிபட்ட பெண்ணின் கணவரும் ஊர் ரைஸ்மில் முதலாளியிடம் போயிருக்கிறார்கள். அவருடைய ஸ்கூட்டருக்கு இன்சூரன்ஸ் இருந்திருக்கிறது, இரக்கமும் உள்ளவர். முதலில் சரி என்பதுபோல்தான் கேட்டுக்கொண்டிருந்தாராம். டீச்சரிடம் கேட்டீர்களா என்று விசாரித்திருக்கிறார். நான் சொன்ன பதிலைக் கேட்டதும், "டீச்சரே பாவம்னு ஒதுங்குறாங்க, அப்புறம் நான் எப்புடிய்யா செய்யுறது?" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாராம். என்னிடம் இன்சூரன்ஸ் இல்லை என்று சொல்லியிருந்தால் அவர் செய்திருப்பார். இதை நான் ஊகமாகச் சொல்லவில்லை. பல வருஷம் கழித்து ஒரு கல்யாணத்தில், நீங்கள் பாவம் என்று சொன்னதால்தான் பின்வாங்கினேன் என்று பேச்சுவாக்கில் அவரே என்னிடம் சொன்னார்.

வெள்ளிக்கிழமை, அடையாளம் தெரியாத வண்டி என்று எழுதிக்கொண்டார்கள். அந்தக் கேஸ் அதோடு தூங்கிவிட்டது. பையன் குறித்த நாளில் விமானம் ஏறினான். போன மூன்றாம் மாதமே அந்தப் பெண்ணுக்கு ஒரு தொகை அனுப்பினான், அதற்குப் பிறகும் இரண்டொரு தடவை அனுப்பியதாகக் கேள்வி. அவனைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. பிளேட் வைத்த கால் கூடியது, ஆனால் ஊன்ற வரவில்லை. வயலில் இறங்கிப் பார்த்திருக்கிறார். சேறு பிடித்த காலை உருவ முடியாமல் நடுவயலில் நின்றுவிட, இரண்டு பேர் தூக்கிக் கரையில் விட்டார்களாம். அதன்பிறகு பள்ளிக்கூட வாசலில் ஒரு சாக்கை விரித்து, வேகவைத்த பனங்கிழங்கும் கடலையும் விற்க ஆரம்பித்தார். தினமும் காலையில் நான் வண்டியை நிறுத்தும்போது, "வாங்க டீச்சர்" என்று முதல் குரல் அவருடையதாகத்தான் இருக்கும்.

எனக்கு வெட்கமாக இருந்தது. காலையில் அந்தக் குரலைக் கேட்கும்போது மட்டும்தான். மணியடித்துவிட்டால் மறந்துவிடும். அதையும் சொல்லிவிட வேண்டும்.

பழைய லேமினேட் தாளைத் தூக்கிப்போட எனக்குத் தைரியம் வரவில்லை. பாலத்தில் அதன் பளபளப்புக்குத்தான் மரியாதை. புதிய சான்றிதழை நாலாக மடித்து அதன் பின்னால் வைத்துக்கொண்டேன். வருஷா வருஷம் தேதி தவறாமல் புதுப்பித்தேன்.

நான் பணி ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருஷம். ஒரு மாலை பஸ் எதுவும் வரவில்லை. அந்தப் பெண் குச்சியை ஊன்றி நடக்க ஆரம்பித்திருந்தார். வண்டியை நிறுத்தி ஏறச் சொன்னேன். வேண்டாம் வேண்டாம் என்றவர், நான் விடாமல் நின்றதும் ஏறிக்கொண்டார். பாலத்தில் ஜீப் நின்றது. புதிதாக மாற்றலாகி வந்த சப்-இன்ஸ்பெக்டர், இருபத்தைந்து வயதுகூட இருக்காது. லத்தி நீண்டது. இத்தனை வருஷம் கழித்து என்னிடம் காகிதம் கேட்க ஒருவர் வந்துவிட்டார் என்று எனக்கு ஒருவகையில் நிம்மதியாகக்கூட இருந்தது. அந்தப் பெண்ணை இறங்கச் சொல்லிவிட்டுக் கவரை எடுத்தேன்.

என் கை கவருக்குள் இருக்கும்போதே அவர் குச்சியை ஊன்றிக்கொண்டு முன்னால் வந்துவிட்டார்.

"சார், யாருகிட்ட போயி கேக்குறீங்க? டீச்சர் பேப்பரெல்லாம் என்னிக்கும் சுத்தமா இருக்கும். இந்தா, என் காலு போச்சு. அப்பகூட எனக்காவ ஒரு பொய் சொல்லாதவங்க இவங்க."

குரலில் குத்தல் இருக்கிறதா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். துளியும் இல்லை. எங்கள் ஊரில் இப்படி ஒருத்தி இருக்கிறாள் என்று பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். சப்-இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்து, கவரைத் திறக்காமலே போகச் சொன்னார். பார்த்துவிடுங்கள் என்றேன். "பரவாயில்ல, போங்க மேடம்" என்றார்.

நான் வண்டியைக் கிளப்பினேன். அந்தப் பெண் பின்னால் ஏறி உட்கார்ந்து, இடது காலை இரண்டு கையாலும் தூக்கிக் கால்மிதியில் வைக்க வேண்டும். அதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அவர் வைத்து முடிக்கிற வரை நான் காத்திருந்தேன்.